‘நாங்கள்’ என்று சொல்ல ஆன 14 மாதம்

2022 பிப்ரவரியில் ஒரு சமுதாய வானொலியில் பேசக் கூப்பிட்டார்கள். தண்ணீர் பில் பற்றி ஏழு நிமிடம். கடைசி நிமிடத்தில் அறிவிப்பாளர், “சரி, உங்கள் குழு என்னதான் கேட்கிறது?” என்றார். நான் யோசிக்கவே இல்லை. “கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று நாங்கள் கோருகிறோம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் போனில் பதினோரு மிஸ்டு கால். நான் முதலில் எடுத்த அழைப்பு எங்கள் பேட்டைக் குழுவின் கணக்கு வாத்தியாருடையது. பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றவர், எழுபது தாண்டியவர், அரட்டை அடிக்கத் தெரியாதவர்.

“தங்கச்சி, நாங்கள்னா யாரு?”

“நம்ம குழுதான் அண்ணா.”

“எந்தக் கூட்டத்தில் முடிவு பண்ணினோம்? மினிட்ஸ் புக்கில் எந்தப் பக்கம்?”

பக்கம் ஏதும் இல்லை. முடிவும் பண்ணவில்லை. எல்லாருக்கும் பில் அதிகம், எல்லாரும் திட்டுகிறார்கள், ஆகவே எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான் இருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டேன். அது எவ்வளவு தப்பு என்று தெரிய 14 மாதம் ஆயிற்று.

நான் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வந்து 23 வருஷம். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்திறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள், இவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் பேட்டையில் பாதிப் பேர். இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து வைக்க 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் அவர்களை ஊருக்குள்ளிருந்து பெயர்த்து இந்த மேடுகளில் கொண்டுவந்து போட்டது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. எங்கள் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். உறவுமுறையும் திட்டும் மட்டும் தமிழில். சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அறைதான் கூட்ட அறை. பேட்டையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கவுன்சிலர் யார், அவர் எந்தக் கட்சி என்று தேடுவீர்கள். அப்புறம் நான் எழுதுவதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தெரியும்.

குழு 2019இல் குப்பை வண்டி வராததில் தொடங்கியது. முதல் இரண்டு வருஷம் தெருவிளக்கு, குழாய் உடைப்பு, பள்ளிக்கூடத்து முன்னால் வேகத்தடை என்று ஓடின. இவற்றுக்கெல்லாம் யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. விளக்கு எரியவில்லை என்றால் எரியவில்லைதான். புகார் எண்ணை வாங்கி வாரா வாரம் அதே எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவு. தண்ணீருக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பது அந்த வகை இல்லை. அங்கே ஒருவருடைய சலுகை இன்னொருவருடைய பில்லில் ஏறும். இந்த வித்தியாசம் புரியாமல் புகார் கொடுக்கிற வாயாலேயே கொள்கையும் பேசப் போனதுதான் நான் செய்த தப்பு.

அடுத்த கூட்டத்தில் வாத்தியார் ஒரு தாளோடு வந்தார். அமெரிக்காவில் ‘லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்’ என்று ஒரு சங்கம், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த 1920இல் தொடங்கியது. எந்தக் கட்சியையும் எந்த வேட்பாளரையும் ஆதரிக்காது, எதிர்க்காது. ஆனால் கொள்கைகளில் வாயை மூடிக்கொண்டிருக்காது. ஒரு விஷயத்தை உறுப்பினர்களே எடுத்துப் படிப்பார்கள், பல இடங்களில் உட்கார்ந்து பேசுவார்கள், எதில் எல்லாரும் சேர்கிறார்கள் என்று எழுதுவார்கள். அந்த எழுத்துதான் நிலைப்பாடு. நிலைப்பாடு இல்லாத விஷயத்தில் தலைவரே ஆனாலும் சங்கத்தின் பெயரால் பேச முடியாது. இன்னொரு கிளை படித்துச் செய்த நிலைப்பாட்டை, புதிதாக எல்லாம் தொடங்காமல், அலசிப் பார்த்து ஏற்றுக்கொள்ளவும் வழி உண்டு.

“அமெரிக்காக்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா?” என்றார் பிளம்பர் அண்ணன். நியாயமான கேள்வி. 1955இல் இங்கேயே தொடங்கிய பிளாக் சாஷ் பெண்கள் கறுப்புப் பட்டை அணிந்து நிறவெறி ஆட்சிக்கு எதிராகத் தெருவில் நின்றதோடு விடாமல் ஆலோசனை மையங்கள் வைத்து, வந்தவர்களின் கஷ்டங்களைக் கேட்டு எழுதி, அந்தக் குறிப்புகளை வைத்தே அரசாங்கத்தோடு வாதாடினார்கள். 80களில் வாடகை உயர்வை எதிர்த்து இதே மாதிரிப் பேட்டைகளில் தெருத்தெருவாகக் கமிட்டி போட்டவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா, “அப்போ எதிரி ஒருத்தன். எல்லாரும் ஒரே பக்கம். இப்போ நாமே ரெண்டு பக்கமும் இருக்கோம்” என்றார். அதன் பிறகு யாரும் வாதாடவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒரே விஷயம், முதல் விஷயம் தண்ணீர் என்று முடிவாயிற்று. படிக்க ஐந்து பேர். அதில் ஒருவராவது இந்த வேலையே வேண்டாம் என்று சொல்பவராக இருக்க வேண்டும் என்பது வாத்தியாரின் நிபந்தனை. பிளம்பர் அண்ணன் மாட்டினார்.

தொடங்கும் முன்பே தண்ணீரே போய்விட்டது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் மாகாணமான க்வாசுலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட் ஊரின் சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் சிதைந்து, அங்கே மாதக்கணக்கில் லாரித் தண்ணீர். எங்களுக்கு வாரக்கணக்கு. ‘ஜோஜோ’ என்கிற பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வைத்திருந்த வீட்டுக்காரரும், அவர் வீட்டுப் பின்னால் குடியிருப்பவரும் ஒரே வாளி வரிசையில் நின்றார்கள். அதற்கு முந்தைய ஜூலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் தமிழர்களும் ஜூலுக்காரர்களும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துப் பேசியது குறைந்திருந்தது. அந்த வரிசையில்தான் மறுபடி பேச்சு தொடங்கியது, அதுவும் பெரும்பாலும் தண்ணீர் லாரி டிரைவரைத் திட்டுவதற்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் இ.பி. பில்லில் யூனிட் ஏற ஏற ரேட் ஏறுவதுபோல இங்கே தண்ணீருக்குக் கிலோலிட்டர் ஏற ஏற ரேட் ஏறும். கிலோலிட்டர் என்றால் 1,000 லிட்டர். ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 6 கிலோலிட்டர் இலவசம் என்பது 2001 முதல் நாட்டின் கொள்கை. ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர், வீட்டுக்கு எட்டுப் பேர், மாதம் 30 நாள்: பெருக்கினால் 6,000 வரும். யார் ஏழை என்பதை ஒரு நகராட்சி வீட்டு மதிப்பை வைத்துப் பார்க்கும், இன்னொன்று வறியோர் பதிவேட்டை வைத்துப் பார்க்கும். இது போதாது என்று சொவேட்டோவின் ஃபிரி பகுதி மக்கள் தொடுத்த மசிபுக்கோ வழக்கில், எத்தனை லிட்டர் என்று எண் போடுவது தன் வேலையல்ல, கொள்கை நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தன் வேலை என்று 2009இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் படித்த அன்றைக்கு எங்கள் குழுவில் ‘வக்கீல் வைக்கலாம்’ என்ற பேச்சு நின்றது. பட்ஜெட்டில் பேச வேண்டிய விஷயம் என்று புரிந்தது.

எங்கள் பேட்டையின் சிக்கல் அவுட்பில்டிங். பெரிய வீட்டுக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ அறை, ஒரு குளியலறை, வாடகைக்கு விடுவார்கள். பென்ஷனில் வாழும் எத்தனையோ பெரியவர்களுக்கு மருந்துச் செலவே அந்த வாடகைதான். குடியிருப்பவர்கள் புதிதாகக் கல்யாணமான சொந்தக்காரப் பிள்ளைகள், ஜூலுக் குடும்பங்கள், மலாவியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மீட்டர் ஒன்று. மூன்று குடும்பம் தலைக்கு 10 கிலோலிட்டர் பிடித்தால் மீட்டரில் 30. தனித்தனி மீட்டராக இருந்தால் மூன்று பேரும் கீழ்ப்படியில் இருப்பார்கள். ஒரே மீட்டரில் மூவரும் சேர்ந்து மேல்படிக்கு ஏறிவிடுகிறார்கள். இலவச அளவும் மீட்டருக்கு ஒன்றுதான்.

ஆக, நான் வானொலியில் கேட்டது என்ன? கட்டணத்தைப் பொதுவாகக் குறைத்தால் நீச்சல் குளம் வைத்திருப்பவருக்கும் குறையும். பின்கட்டில் இருக்கும் குடும்பத்துக்கு வீட்டுக்காரர் வாங்கும் ‘தண்ணீர்ப் பணம்’ குறையும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது வாத்தியார். போர்டில் ‘க, ங, ச’வை அழிக்காமல் ஓரத்தில் எழுதினார்.

படிப்பதை விடக் கஷ்டமாக இருந்தது கேள்வி எழுதுவது. உறுப்பினர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகளை ஐந்து பேரும் முதலில் எழுதினோம். என்னுடைய முதல் கேள்வி: “சாதாரண மக்களைப் பாதிக்கும் தண்ணீர்க் கட்டணம் குறைய வேண்டும் என்று நினைக்கிறீர்களா?” பிளம்பர் அண்ணன் படித்துவிட்டு, “இதுக்கு யாராவது இல்லைன்னு சொல்லுவாங்களா? நீங்க பதிலை எழுதிட்டு கடைசியில கேள்விக்குறி போட்டிருக்கீங்க” என்றார். வேலையே வேண்டாம் என்றவரை ஏன் குழுவில் வைக்கச் சொன்னார் வாத்தியார் என்று அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து ஒரு சோதனை வைத்துக்கொண்டோம்: கேள்வியைப் படித்தால் எழுதியவர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியக்கூடாது. ஒவ்வொரு வழிக்கும் யார் விலை கொடுப்பார் என்பது கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சியவை இப்படி இருந்தன: ‘ஒரு மீட்டரில் பல குடும்பங்கள் இருந்தால் படிக்கட்டணத்தை மீட்டருக்குக் கணக்கிடுவதா, குடும்பத்துக்கா? குடும்பத்துக்கு என்றால் எத்தனை குடும்பம் என்று யார் சொல்வது, யார் சரிபார்ப்பது? இதனால் குறையும் வருமானத்தை எங்கே ஈடுகட்டுவது?’ பதினாறு கேள்வி எழுதி ஐந்தாகக் குறைத்தோம். நாலு பக்கத்தில் ஒரு தாளும், எதிர்வாதங்களுக்கு அதில் சமமான இடமும்.

நாலு அமர்வு வைத்தோம். இரண்டு சனிக்கிழமை, இரண்டு புதன்கிழமை மாலை. வேலைக்குப் போகிறவர்கள் சனி வருவார்கள், பாட்டிமார் புதன் வருவார்கள். மூன்றாவது அமர்வைத்தான் மறக்க முடியாது.

லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு. எமர்ஜென்சி விளக்கு ஒன்று மேஜை மேல். 19 பேர். சில்லி பைட்ஸ் என்று இங்கே சொல்லும் பஜ்ஜி ஆறிப்போய் எண்ணெய் தாளில் இறங்கியிருந்தது. பின்கட்டில் குடியிருக்கும் குடும்பங்களைப் பற்றி வீட்டுக்காரர் நகராட்சிக்கு எழுதிக் கொடுக்கலாமா என்ற கேள்வியில் வந்து நின்றோம். 80களின் கமிட்டிப் பெரியம்மா, “என் மீட்டர், என் பேரில் பில். பின்னாடி யாரு இருக்காங்கன்னு நான் எதுக்கு எழுதிக் கொடுக்கணும்?” என்றார். பலர் தலையாட்டினார்கள். ஆனால் காரணம் யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிளம்பர் அண்ணன் எழுந்தார். “பிளான் பாஸ் ஆகாத அவுட்பில்டிங் யார் யார் வீட்டில் இருக்கு? கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. அவர் தன் கையைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தில் ஒரு கை. அப்புறம் இன்னொன்று. பெரியம்மாவின் கை கடைசியாக, தோள்வரைக்கும்தான் வந்தது. மொத்தம் ஏழு. இரண்டு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்த விஷயம் அதுதான்: தண்ணீருக்காக எழுதிக் கொடுத்தால் கட்டட இன்ஸ்பெக்டர் வாசலில் நிற்பார்.

அதற்குப் பிறகு பேசியது ஒரு கோகோ. ஜூலு மொழியில் பாட்டி. எங்கள் குழுவில் குடியிருப்பவர்களையும் உறுப்பினராக்கிச் சில மாதமே ஆகியிருந்தது. வீட்டு உரிமையாளர்கள் மட்டும் உட்கார்ந்து இதைப் பேசினால் அது கொள்கை இல்லை, வியாபாரம் என்று வாத்தியார் பிடிவாதமாக இருந்தார். கோகோ ஜூலுவில் பேச, பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். மாதா மாதம் ஒரே தொகை தண்ணீருக்குக் கொடுக்கிறாராம். அக்கா செத்து ஒரு மாதம் சொந்த ஊரில் இருந்துவிட்டு வந்தபோதும் அதே தொகை. “நான் திறக்காத குழாய்க்கு” என்றார். குரலில் கோபமே இல்லை. பெரியம்மாவின் வாடகைதாரர்தான் அவர் என்பது அறையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

நாங்கள் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. ஒரு பக்கம் பத்துப் பேர், மறுபக்கம் ஒன்பது பேர் என்று ஜெயித்தால், தோற்ற ஒன்பது பேர் வெளியே போய் வேறு மாதிரி பேசுவார்கள். அப்புறம் கவுன்சிலர் யாரை நம்புவார்? குறிப்பு எடுப்பவர் நோட்டில் மூன்று பத்தி: சேர்ந்தது, சேராதது, இன்னும் தெரியாதது. மூன்றாவது பத்திதான் எப்போதும் நீளம். அன்றைக்கு மேலும் ஒன்று அதில் ஏறியது. பேத்தி கேட்டாள், “குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது உம்ண்டேனியா, உமுஸியா?” உம்ண்டேனி என்றால் சொந்தபந்தம், ஊரில் இருக்கும் அண்ணன் பிள்ளைகள்கூட அதில் வருவார்கள். உமுஸி என்றால் வீடுவாசல். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வைத்து எங்களுக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை. முக்கால் மணி நேரம் அதில் போயிற்று. கடைசியில் பெரியம்மாதான் தீர்த்து வைத்தார்: “ஒரே அடுப்பில் சாப்பிடறவங்க. எங்க ஆயா அப்படித்தான் கணக்கு வெப்பாங்க.” கோகோவுக்கும் அது உடனே புரிந்தது. எங்கள் நிலைப்பாட்டில் ‘அடுப்பு’ என்ற சொல் வந்தது அப்படித்தான்.

2023 மார்ச் கடைசியில் முடிந்த வாசகம் இது:

“ஒரு மீட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட அடுப்புகள் இருக்கும்போது இலவச அளவும் கட்டணப் படிகளும் அடுப்புக் கணக்கில் அமைய வேண்டும். எண்ணிக்கையை உறுதிமொழிப் பத்திரத்தால் நிறுவலாம். அந்தத் தகவலைக் கட்டட அனுமதி நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீருக்குப் பணம் வாங்கும் வீட்டுக்காரர் குடியிருப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கசிவைச் சரிசெய்யும் செலவு பட்ஜெட்டில் தனி வரியாகத் தெரிய வேண்டும்.”

கட்டணம் குறைய வேண்டும் என்பது அதில் இல்லை. அதில் சேர முடியவில்லை. வருமானம் குறைந்தால் குழாய் மாற்றுவது இன்னும் தள்ளிப்போகும் என்று ஆறேழு பேர் கடைசிவரை சொன்னார்கள், அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நான் வானொலியில் முழங்கியதை என் குழுவே ஏற்கவில்லை. கசிவு வரி பிளம்பர் அண்ணன் வைத்தது. அவர் எப்போதும் இதையே பேசுகிறார் என்று கிண்டல் செய்தோம். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த தேசிய ‘நோ டிராப்’ அறிக்கை, நாட்டில் குழாயில் போகும் தண்ணீரில் 47 விழுக்காடு காசாகாமலே போகிறது என்றது. கசிவு, திருட்டு, பில்லே போடாதது எல்லாம் அதில் அடக்கம். அண்ணன் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

இதை நகராட்சியிடம் சொல்லும் வேலைக்கு வந்தால், முதலில் தெரிய வேண்டியது நாள்காட்டி. 2022 ஜூனில் நாங்கள் இரண்டு பேர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றோம். கவுன்ட்டரில் இருந்த அம்மா எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது மொய்க்கவரோடு வந்து நின்ற கதை. நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், 2003இல் வந்தது, தேதிகளைக் கட்டிப் போட்டிருக்கிறது: நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கும்; அதற்கு 90 நாள் முன்னால் வரைவு பட்ஜெட் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும்; 30 நாள் முன்னால் அதை நிறைவேற்றப் பரிசீலிக்க வேண்டும். அதாவது மார்ச் கடைசிக்கும் மே கடைசிக்கும் நடுவில்தான் நம் பேச்சுக்கு மதிப்பு. வரைவோடு புதுக் கட்டணப் பட்டியலும் வரும். எங்கள் அமர்வுகளையெல்லாம் மார்ச்சுக்குள் முடித்தது அதற்காகத்தான்.

தகவல் கேட்பதற்கு 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு, மேலே போகலாம். “தண்ணீர் பற்றிய எல்லா விவரமும்” என்று கேட்டால் ஒன்றும் வராது. எங்கள் வார்டில் மேல்படியில் பில் வரும் மீட்டர்கள் எத்தனை என்று ஒரே கேள்வி கேட்டோம், வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2000ஆம் ஆண்டின் நகராட்சி முறைமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு. எழுத்தில் கருத்துக் கேட்கும்போது, எழுதத் தெரியாதவர் அலுவலகத்துக்கு வந்தால் ஊழியர் ஒருவர் அவர் சொல்வதை எழுதிக்கொள்வார் என்று அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். கோகோவோடு போனேன். ஊழியர் பேனாவை எடுத்தார், கோகோ ஆரம்பித்தார், அக்கா சாவிலிருந்து. ஊழியர் நிறுத்தவில்லை. இரண்டு பக்கம் ஜூலுவில் எழுதி, படித்துக் காட்டி, கட்டைவிரல் பதித்து வாங்கினார். எங்கள் மனு இரண்டு பக்கம், கேட்பது என்ன என்பது முதல் ஐந்து வரியில், பின்னால் இரண்டு வீடுகளின் பில், பெயர் மறைத்து. கோகோவின் இரண்டு பக்கத்துக்கு முன்னால் அது வெறும் தாள்.

பொதுக் கருத்துக் கேட்பில் ஆளுக்கு மூன்று நிமிடம். என்ன உடுத்துவது என்று நான் அலமாரி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். பச்சை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, சிவப்பில் இரண்டு. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பழைய புடவை கிடைத்தது. சிரிக்காதீர்கள். அரங்கில் முதல் நான்கு வரிசையும் டி-ஷர்ட்டுகளும் பாட்டும்தான். உங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் கைதட்டலா கூச்சலா என்று முடிவாகும்.

கவுன்சிலர்களைப் பார்க்கும்போது எங்களுக்குள் சில வழக்கங்கள். எல்லாக் கட்சிக்கும் ஒரே தாள், ஒரே நாளில். எப்போதும் இரண்டு பேராகப் போவது, வந்து அன்றைக்கே குறிப்பு எழுதுவது. ஒரு கவுன்சிலர், “நல்லா பேசுறீங்க அக்கா, எங்க பிராஞ்ச் கூட்டத்தில் வந்து சொல்லுங்களேன்” என்றார். “நீங்க எங்க கூட்டத்துக்கு வாங்க. மற்ற கட்சிக்காரங்களும் வருவாங்க” என்றேன். அவர் வரவில்லை, அவருடைய கட்சியிலிருந்து வேறொருவர் வந்தார்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் ஒரு அவமானத்தில் கற்றது. 2021 நவம்பர் 1 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் எல்லா வேட்பாளர்களையும் அழைத்து ஒரு கூட்டம் போட்டோம். ஒரே கேள்விகள், சீட்டுப் போட்டு வரிசை, ஆளுக்கு ஒரே நேரம் என்று எல்லாம் சரியாகத்தான் செய்தோம். காலையில் போய்ப் பார்த்தால் டென்ட், 200 நாற்காலி, இரண்டு பாத்திரம் பிரியாணி. நாங்கள் பேசியது 80 நாற்காலிக்கு. விசாரித்தால் ஒரு வேட்பாளரின் ஆட்கள் டென்ட்காரரிடம் மீதிப் பணத்தைக் கட்டிவிட்டார்கள், டென்ட் கம்பத்தில் சின்னதாக ஒரு கொடியும். எங்களில் ஒருவர் முன்பே தெரிந்தும், “சும்மா கிடைக்கிறதை ஏன் வேண்டாம்கணும்” என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். பிரியாணியைத் திருப்பி அனுப்பினோம். அன்றைக்கு மட்டும் என்னை எல்லாரும் வெறுத்தார்கள். டென்ட் பணத்தை வீடு வீடாக வசூலித்து மூன்று மாதத்தில் கொடுத்து முடித்தோம். வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பு தன் வளத்தை எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நேராகவோ சுற்றிவளைத்தோ பயன்படுத்தக் கூடாது என்று வருமானவரிச் சட்டம் 30ஆம் பிரிவு சொல்கிறது. எங்களுக்கு அப்போது அந்த அந்தஸ்து கிடையாது. ஆனால் விதியை அப்படியே எடுத்து எங்கள் சாசனத்தில் எழுதிக்கொண்டோம். கட்சிப் பொறுப்பு ஏற்பவர், வேட்பாளராகிறவர் நிர்வாகக் குழுவிலிருந்து விலக வேண்டும், உறுப்பினராக இருக்கலாம். நிலைப்பாட்டை ஏற்காதவர் தன் பெயரில் எங்கே வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசலாம், குழுவின் பெயரைச் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் பெரியம்மா எப்போதோ போயிருப்பார்.

அந்த 2021 கூட்டத்துக்கு வராத வேட்பாளருக்குக் காலி நாற்காலி போட்டுப் பெயர் ஒட்டலாமா என்றும் ஒரு சண்டை நடந்தது. போடவில்லை. அந்த நாற்காலியும் பேசும், ஒரு பக்கமாகத்தான் பேசும் என்பது என் கட்சி. மன்னிக்கவும், என் தரப்பு.

நடந்தது என்ன என்று கேட்பீர்கள். 2023 கட்டணப் பட்டியலில் அடுப்புக் கணக்கு வரவில்லை. ஆய்வில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. ஆனால் மே மாதம் மன்ற விவாதத்தில், ஒருவர் சொன்னால் மற்றவர் எதிர்த்தே தீரும் இரண்டு கட்சிகளின் உறுப்பினர்கள், எங்கள் முதல் வாக்கியத்தை ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து அப்படியே கேள்வியாகக் கேட்டார்கள். பார்வையாளர் பகுதியில் இருந்த வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாம் எழுதியது அண்ணா” என்றேன். “உஷ், அவங்க எழுதினதாவே இருக்கட்டும்” என்றார்.

நிலைப்பாட்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் விதி. போன மாதம் அதற்கு உட்கார்ந்தோம். பெரியம்மா இப்போதும் இரண்டாம் வாக்கியத்தை எதிர்க்கிறார். உறுதிமொழிப் பத்திரம் என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை, பழைய ஆட்சியில் எத்தனை தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று ஆரம்பித்துவிடுவார். அதை அப்படியே எழுதிக்கொண்டோம். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்து என்னிடம் காட்டினார். பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டுப் பின்கட்டுக்குத் தனியாக ஒரு செக் மீட்டர் போட்டிருக்கிறார். மாதம் முதல் தேதி ரீடிங், ஒரு பக்கம் அவர் கையெழுத்து, எதிர்ப்பக்கம் கோகோவின் கட்டைவிரல்.

“இது உன் நிலைப்பாட்டுக்காக இல்ல” என்றார். “அந்தக் கிழவி திறக்காத குழாய்னு சொல்லிச்சில்ல, அது ராத்திரி தூங்க விடல.”